இம்பெல்லர்

டர்பன் துறைமுகத்தில், கடைசி மிதவை மேடையில்
கட்டிக் கிடக்கிறது எங்கள் படகு.
வயது முப்பத்தொன்பது. எனக்கும் அதே.
விற்ற வான் டொண்டர் கையெழுத்துப் போடும்போது
"நல்ல எஞ்சின், கொஞ்சம் சூடாகும்" என்றார்.
கொஞ்சம் என்றால் எத்தனை டிகிரி என்று
நாங்கள் கேட்கவில்லை.

முதல் இரண்டு மாதம் வயர்களோடு போயிற்று.
பலகையைக் கழற்றினால் இடியாப்பம்,
அதுவும் முந்தாநாளையது.
சிவப்பாக ஒரு முடிச்சுக்குள் நுழைந்தது
பச்சையாக வெளியே வருகிறது.
வரவேற்பறை மின்விசிறிக்கு இழுக்கும் வயரில்
யாரோ திசைவிளக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
ஒரு வயர் மட்டும்
எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை,
தொட்டால் பன்னிரண்டு வோல்ட்.
நான் வெட்டப் போனேன்.
"முதல்ல பேர் எழுது" என்றாள் சரோஷ்னி.
பகலில் வரி அலுவலகத்தில் தணிக்கை செய்பவள்,
கணக்கில் வராததைத் தூக்கி எறிய மாட்டாள்.
வெள்ளை நாடாவில் 'அனாதை' என்று எழுதி ஒட்டினேன்.
அதன் பிறகு வெட்டினேன்.

ஸ்குரூடிரைவர் பிடியால்
தரையைத் தட்டிக்கொண்டே போனேன்:
டக். டக். டக்.
தொப்.
அந்த ஒரு தொப்புக்கு
நாலாயிரத்து இருநூறு ராண்ட்,
கையெல்லாம் பிசின்,
ஒரு வாரம் சோற்றில்கூட அந்த வாசனை.

புது பேட்டரி, புது விளக்கு,
ஆழம் காட்டும் புதுத் திரை.
ஜூலையில் தெற்குக் கரைக்கு மத்தி வந்தது,
ஊரே வாளியோடு ஓடியது.
நாங்களும் கயிற்றை அவிழ்த்தோம்.

பிளஃப் முனை தாண்டி இருபது நிமிடம்.
சங்கு ஊதவில்லை, மூக்குதான் சொன்னது:
ரப்பர் தீயும் நாற்றம்.
முள் சிவப்பைக் கடந்து
போக இடமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.
அப்போதுதான் புரிந்தது,
அனாதை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று.

சாட்ஸ்வொர்த் பையன்கள் இரண்டு பேர்
சின்னப் படகில் வந்து கட்டி இழுத்தார்கள்.
அவர்கள் சிரிக்கவே இல்லை.
சிரித்திருக்கலாம்.

பம்பு மூடியில் ஆறு திருகு.
உள்ளே, கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிப்பாட்டும்
உள்ளங்கை அகல ரப்பர்ச் சக்கரம்.
இதழ் ஆறு இருக்க வேண்டும், நாலுதான் இருந்தது.
புதிது மாட்டப் பத்து நிமிடம் போதும்.
டீசல் மெக்கானிக் பெக்கி
செல்பேசியில் அவசரமாகச் சொன்னான்:
"போன ரெண்டும் கரைஞ்சா போகும்?
தண்ணி போற வழியிலதான் எங்கயாவது நிக்கும். தேடு."

அன்றிரவு மின்வெட்டு.
கரையில் மாடிக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.
கேபினில் மட்டும் வெளிச்சம்,
எங்கள் வயர், எங்கள் விளக்கு,
கொஞ்சம் கர்வம்கூட.
முதல் இதழ் குழாய் வளைவில் கிடைத்தது.
இரண்டாவது வெப்பமாற்றியின் வாயில்,
பல்லிடுக்குத் தேங்காய்த் துணுக்கு மாதிரி.
முடிந்தது என்று எழுந்தேன்.
சரோஷ்னி பின்னல் ஊசியை
இன்னொரு துளைக்குள் விட்டுக் குடைந்தாள்.

மூன்றாவது.

உப்பு பூத்து, கல்லாக இறுகி,
மற்ற இரண்டைவிடத் தடிமனாக.
எவர்சில்வர் தட்டில் மூன்றையும் வரிசையாக வைத்தாள்.
"தொலைஞ்சது ரெண்டு, கிடைச்சது மூணு.
கணக்கு இடிக்குது" என்றாள்.

வான் டொண்டரோ, அவருக்கும் முன்னால் ஒருவரோ,
இதே கடலில் இதே நாற்றத்தை முகர்ந்து,
சக்கரத்தை மாற்றி,
விட்டுப்போனதைத் தேடாமல்
வீட்டுக்குப் போயிருக்கிறார்.
தேடியும் கிடைக்காமல் இருந்திருக்கலாம்.
பின்னல் ஊசி இல்லாமல் இருந்திருக்கலாம்.
அன்றிலிருந்து அது
கொஞ்சம் சூடாகும் எஞ்சின்.

இப்போது முள் எண்பதில் நிற்கிறது.
சங்கு வயரை ஒட்டுப்போட்டு இணைத்தாயிற்று,
நாடாவை இன்னும் மாற்றவில்லை.
நேற்றிலிருந்து கழிவறைக் குழாய்
வலப்பக்கம் கசிகிறது.
சரோஷ்னி கேட்கிறாள், எவ்வளவு என்று.

கொஞ்சம்தான், என்று சொல்ல வாய் திறந்தவன்
குவளையை எடுத்துக்கொண்டு
அளக்கப் போகிறேன்.