கல்

மணிக்கு இருபத்தெட்டு டொலர் கூலி.
மொழிபெயர்ப்பாளருக்கு விதி ஒன்றுதான்:
கூட்டாதே, குறைக்காதே.
இருமலை விடலாம், சொல்லை விடாதே.

கோட்-டே-நேஜ் மேட்டு ஆஸ்பத்திரி, ஆறாம் மாடி.
பெப்ரவரி. யன்னலுக்குக் கீழே
பனி அள்ளும் வண்டி பின்னால் போகும்போதெல்லாம்
கீய் கீய் என்று கத்துகிறது.
அருளம்பலம் பச்சைக் கவுனில்,
முதுகு முடிச்சுக்குக் கை எட்டாமல்,
கட்டிலோரம் இருக்கிறார்.
ழான்-தலோன் தெருப் பிட்சாக் கடையில்
பத்தொன்பது வருடம் கோப்பை கழுவியவர்.

பத்துக்குள் எத்தனை வலி என்று
டொக்டர் பெல்மார் பிரெஞ்சில் கேட்க, நான் தமிழில் கேட்டேன்.
"பள்ளிக்கூடத்திலையே பத்துக்கு ஆறு
தாண்டேல்லைப் பிள்ளை."
அப்படியே சொன்னேன். டொக்டர் சிரித்தார்.
சிரித்தபடி 'ஆறு' என்று எழுதினார்.
ஆறுக்குரிய மருந்துதான் வந்தது.
கட்டில் கம்பியைப் பிடித்த விரல்களின் நிறம்
ஒன்பது என்றது.
விரலை மொழிபெயர்க்க எனக்குக் கூலி இல்லை.

சிறுநீரகத்தில் கல்லாக இருக்கலாம் என்றார்கள்.
"சின்னனில வாத்தியார் 'கல், கல்' எண்டு
பிரம்பால வெளுத்தவர். அப்ப ஏறேல்லை.
இப்பதான் ஏறியிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அது பிழை.
ஓர் அறையில் இரண்டு பேர் சிரித்தால்
மூன்றாமவர் தன் சட்டைப் பொத்தானைப் பார்ப்பார்.
பார்த்தார்.
"நோயாளி ஒரு சொல்லை வைத்துப் பகிடி விட்டார்" என்றேன்,
செத்த மீனைத் தூக்கிக் காட்டி
இது நீந்தியது என்பதுபோல.

165ஆம் பஸ்ஸில், ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவே,
திடீரென்று உறைத்தது:
பிரெஞ்சில் அந்தக் கல்லுக்கும் கணக்குக்கும்
ஒரே சொல். டொக்டர் சொன்னதே அந்தச் சொல்தான்.
வாத்தியார் கணக்குக்காக அடித்தார் என்றிருந்தால்
மீன் உயிரோடு இறங்கியிருக்கும்.
பகிடிக்கு ஆயுள் ஒரு மூச்சு.
நான் இரண்டு தரிப்பிடம் பிந்திவிட்டேன்.

நாலு சொல்லில் முடிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.
ஐந்தாவது சொல் அழுகையாக இருக்கும் என்று
அவர்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை. ஸ்கான் முடிவு.
டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.
எந்தப் பாஷையிலும் அது நல்ல சேதி இல்லை.
கல் இல்லை என்றார். வேறொன்று என்றார்.
அந்த வேறொன்றின் பெயரை
இரண்டு தடவை விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்.
கவுன் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்,
மறுபடி சுற்றினார்.
பிறகு:
"கல் இல்லையெண்டால்
வாத்தியார் சொன்னது சரி.
நான் கல்லாதவன்தான்."

என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார்.
கூட்டாதே, குறைக்காதே.
"தான் படிக்காதவர் என்கிறார்."
சொல்லில் பிழையில்லை. பரீட்சையில்
முழுப் புள்ளி தருவார்கள்.
டொக்டரின் முகம் இளகியது. அதனாலென்ன என்று
கட்டில் விரிப்புத் தாளிலேயே, மெல்ல மெல்ல,
குழந்தைக்குக் கீறுவதுபோல் கீறினார்:
ஒரு சிறுநீரகம். அதன் தோளில் கறுப்பாக ஒரு பொட்டு.
ஓர் அம்புக்குறி. இன்னோர் அம்புக்குறி.

அருளம்பலம் குனிந்து பார்த்தார்.
"மாங்காய் நல்லாக் கீறுறார்.
வண்டைத்தான் கொஞ்சம் பெரிசாக் கீறிப்போட்டார்."

இது தாண்டியது. இதற்குச் சிலேடை இல்லை,
ஒரு காய், ஒரு பூச்சி, அவ்வளவுதான்.
சொன்னேன்.
டொக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.
அருளம்பலத்தின் மணிக்கட்டில் கை வைத்து
எத்தனை என்று கேட்டார், உண்மையில் எத்தனை.

நான் வாய் திறக்குமுன்
அவர் கம்பியை விட்டார்.
இரண்டு கையையும் தூக்கி விரித்தார்.
ஒரு பெருவிரல் மட்டும் மடங்கியிருந்தது.

அந்தக் கால்மணிக்கும்
கூலி தந்தார்கள்.