பொருள்

ராயபுரம் குடோனில் கடைசிப் பெட்டி.
ஆணி பிடுங்கியதும் வைக்கோலுக்குள்
தலையில்லாமல், நாலு காலில்,
திமில் வைத்த கறுத்த மண்கட்டி.
மாலியில் பமானா ஜனங்களுடையதாம்.

"பொருள்?" என்று கேட்டது படிவம்.
'அலங்காரப் பொம்மை' என எழுதிவிட்டு
ஆபீசர் நகத்தால் சுரண்டப் போனார்.

"தொடாத சார்."
தேசப்பன் குனிந்து பார்த்தான்:
வெடிப்புக்குள் இன்னொரு தோல், அதற்குள் இன்னொன்று,
கம்பு உமி, காய்ந்த ரத்தம்,
யார் யாரோ கேட்டது, கேட்டுக் கிடைக்காதது.
"பொம்மைக்கு எவன் சார் சோறு வெப்பான்?
இது துன்னுருக்குது."

ஆடி மூணாம் ஞாயிறு
கல்மண்டபத்தில் சேவல் பிடித்த கை அது.
செருப்பை உதறிவிட்டுத்
தராசில் ஏற்றினான்.

பதினொன்றரைக் கிலோ.

"பொறந்தப்போ எவ்ளோ இருந்திருக்கும்"
என்றான், யாரிடமும் இல்லாமல்.