சிவப்புப் பொத்தான்

வண்ணாரப்பேட்டை மேம்பாலத்துப் பக்கம்
மைதீன் பிச்சை கடைச் சுவரில்
வரிசையாகத் தலைகள்.
எதற்கும் கழுத்து இல்லை.
"எந்தத் தலைக்கா வேணும்?" என்கிறார்.

என் தலை ஐம்பத்தேழு.
புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே,
பின்மண்டை புடைத்த இடத்தைச் சுற்றி
தையல்கடை நாடாவால் அளந்தது.
ஐம்பத்தாறு நெற்றியில் கோடு போட்டது.
ஐம்பத்தெட்டு,
நான் தலையாட்டிய பிறகு
ஒரு நொடி தாமதமாக ஆமாம் சொன்னது.

ஏன் வந்தேன் என்றால்,
போன ஆடியில் மூன்றடைப்பு தாண்டியதும்
காற்று வண்டியை ஒரு முழம் நகர்த்தி வைத்தது.
பாதி ஹெல்மெட் மண்டையைப் பார்த்துக்கொண்டது.
தாடைக்கு ஏழு தையல்.
பின்பெட்டியில் ஐஸுக்குள்
பதினோரு பேருடைய ரத்தம்.
ஒரு குழாய்கூட உடையவில்லை.
லேப்பில் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

பிறகு முகம் முழுக்க மூடுவதொன்று.
கொழுந்தன் கொடுத்தது.
பரப்பாடியில் நாய்கள் துரத்தின.
முனைஞ்சிப்பட்டியில் ஒரு பிள்ளை
ஊசியைப் பார்க்குமுன்பே அழுதது.
வாசலில் நின்று சத்தம் கொடுத்தால்
"ஆருலே அது?" என்று உள்ளேயிருந்து கேட்கிறார்கள்.
கழற்றினால் கண்ணாடியும் கூடவே வருகிறது;
ஒருநாள் தொழுவத்துச் சாணியில்.
காலை ஐந்தரையிலிருந்து இருபது வீடு.
இருபது தடவை கழற்றி, துடைத்து, மாட்டி,
கொண்டை கலைந்து,
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் முன்னால்
பேயறைந்தவள் மாதிரி நிற்கிறேன்.

"அப்ப தாடை தொறக்கதுதான் ஒங்களுக்குச் சரி."
இரண்டு எடுத்து வைத்தார்.
ஒன்றில் மண்டையோட்டு ஸ்டிக்கர்,
பூட்டு பிளாஸ்டிக், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
மற்றது சாம்பல் நிறம்,
பூட்டுக்குள் இரும்பு முளை,
நாலாயிரத்து எண்ணூறு.
கையில் வாங்கினால் கனக்கிறது:
ஒரு நல்ல பூசணிப் பிஞ்சு.

"பத்து நிமிஷம் போட்டுட்டே இரிங்க.
எங்கயாவது வலிச்சா அது ஒங்களுது இல்ல."
ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
கன்னத்துப் பஞ்சு இரண்டு பக்கமும் அழுத்த
வாய் மீன்வாய் ஆனது.
பழகப் பழகத் தளரும் என்றார்.
கண்ணாடிக் கால் நுழைய
காதோரம் ஒரு தடம் விட்டிருக்கிறார்கள்,
செய்தவனுக்கும் கிட்டப்பார்வையாக இருக்கும்.
தையல் தழும்பை எதுவும் தொடவில்லை.

தாடைக்கு நேரே சிவப்புப் பொத்தான்.
இடதுகைப் பெருவிரலால் அழுத்தினேன்.
முகம் மேலே போயிற்று.
டீ வந்தது. குடித்தேன்.
டவுன் பஸ் ஜன்னல் ஒன்று முழுக்க
என்னைப் பார்த்துக்கொண்டே போனது.
"தொறந்தபடி ஓட்டிராதீங்க.
நம்மூரு காத்துல அது பாய்மரம்."
தெரியும் என்றேன்.

பேரத்தில் அவர் நூறு இறங்கினார், நான் நூறு ஏறினேன்.
அதற்குமேல் இருவரும் அசையவில்லை.
பில்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:
"எனக்கு சுகர் பாக்கணும்க்கா. மூணு மாசக் கணக்கு.
பாத்துத் தந்தா முந்நூறு கொறைக்கேன்."

மறுநாள் ஷட்டர் பாதி ஏறிய கடையில்
தலைகளுக்குக் கீழே அவர் கையை நீட்டினார்.
நரம்பு சட்டென்று கிடைத்தது.
முகத்தைத் திருப்பி ஸ்டிக்கர்களை எண்ணினார்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம்
ஹைகிரவுண்டிலிருந்து உறையோடு வந்தேன்.
உறைக்குள் என்ன எண் என்று எனக்குத் தெரியும்.
நான் சொல்லக் கூடாது; லேப்பில் அது விதி.
"எப்படிக்கா இருக்கு?"
வண்டியை அணைக்கவில்லை.
"டாக்டர்ட்ட காட்டுங்க. இந்த வாரமே."
"இந்த வாரமேவா?"

தாடையை இழுத்து இறக்கினேன்.
டக்.
உள்ளே என் மூச்சு,
புதுப் பஞ்சு வாசனை.

அவர் உறையைப் பிரிக்கவில்லை.
குனிந்து பூட்டுப் பக்கம் காதை வைத்தார்.
"லாக் நல்லா விழுகுல்லா?"

தலையாட்டினேன்.
ஹெல்மெட்டும் ஆடியது,
கூடவே, தாமதமில்லாமல்.