முதுகில் அரிசி

ஒஷாவா பியர் கடையில்
ஒரேயொரு கேன் எடுத்து மேசையில் வைத்தேன்.
இருப்பதில் மலிவானது எது என்று
முதலே கேட்டிருந்தேன்; பையனுக்குச் சிரிப்பு.
"பார்ட்டியா?"
"ஓம். நத்தைகளுக்கு."

நாற்பத்தெட்டு வயதில்
நான் வாங்கிய முதல் பியர் அது.
தயிர் டப்பாவில் ஊற்றி
கத்தரிக்குப் பக்கத்தில் கழுத்தளவு புதைத்தேன்.
காலையில் பதினொன்று கிடந்தன,
ஓடில்லாதவை, ஒன்றின்மேல் ஒன்றாக,
கலியாண மண்டபத்துக்குப் பின்பக்கம் கிடக்கிற ஆட்கள் மாதிரி.
எண்ணினேன்.
ஏன் எண்ணினேன் என்று தெரியாது.

யூலையில் வண்டுகள்.
செம்பு முதுகு, பச்சைக் கழுத்து,
நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கவேண்டியவை.
பயற்றை இலையில் நரம்பை மட்டும் மிச்சம் வைத்து
சரிகை போலத் தின்று முடிக்கும்.
விடியப்புறக் குளிரில் அவற்றுக்கு உடம்பு விறைப்பு,
அப்போதே தட்டிவிடவேண்டும்
சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள்.
இரவு வேலை முடிந்து
சீருடையைக் கழற்றாமலே வருவேன்.
முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு பேரை
நோகாமல் திருப்பிப் படுக்கவைத்த
அதே கை.

நேசன் பஃபலோ போய் வந்தபோது
பால் கேன்களுக்கு நடுவில்
ஒரு போத்தல் கொண்டுவந்தான். லேபிளில் மண்டையோடு.
"ஒரு விசிறல், எல்லாம் சரி.
ஆருக்குத் தெரியப்போகுது?"
மூடிய பூசணிப் பூவுக்குள்
தேனீ ஒன்று படுத்துத் தூங்குகிறது.
அவனுக்கு அதைக் காட்டவில்லை,
காட்டினால் வாதம் வரும்.
போத்தலைக் கராஜில்
பனி அள்ளும் சவலுக்குப் பின்னால் வைத்தேன்.
எறியவில்லை.
அதையும் சொல்லவேண்டும்.

ஓகஸ்ட்டில் ஒரே இரவில் தக்காளி மொட்டை.
ஊதா வெளிச்சம் அடித்தால் அந்தப் புழு
இருட்டில் மினுங்குமாம்.
பக்கத்துப் பாத்தி மார்லீன் தன் ரோச்சைத் தந்தாள்.
இரவு ஒன்பதரை, பதினேழாம் பாத்தி,
வேலிக்கு அப்பால் நானூற்றியொன்றில் லொறிகள்.

மினுங்கியது.
விரல் நீளம், விரல் தடிப்பு.
நீட்டின கை பாதியில் நின்றது.

முதுகு முழுக்க அரிசி.
சின்னச் சின்ன வெள்ளை மணிகள்
நட்டு வைத்ததுபோல் நிமிர்ந்து.
ஆரோ வாழ்த்தி அட்சதை போட்டு
அது இன்னும் உதறாததுபோல.

படமெடுத்து அனுப்பினேன். மார்லீன் உடனே அழைத்தாள்.
குளவியின் கூடுகளாம்.
தாய் உள்ளே முட்டை வைக்க
உள்ளிருந்தே தின்று வளர்ந்து
தோலைத் துளைத்து வெளியே வந்து
அதன் முதுகிலேயே வீடு கட்டியிருக்கின்றன.
"கொன்றுவிடாதே. அத்தனையும் நம் பக்கம்."

நம் பக்கம்.
புழு தலையை ஒருமுறை உயர்த்தியது.
அது தின்னவுமில்லை, சாகவுமில்லை.
இயற்கை முறை என்று விதைப் பக்கற்றில்
பச்சை எழுத்தில் போட்டிருக்கிறதே,
அதை நான்
கருணை என்று வாசித்திருந்தேன்.

பதினொன்றுக்கு வேலை.
ரோச்சை அணைத்தேன். அணைத்தபிறகும்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
இருட்டில், அதற்குத் துணையாக என்றில்லை,
கால் எழும்பவில்லை.

சனிக்கிழமை நஞ்சுக் கழிவு எடுக்கிற இடத்தில்
வரிசையில் ஏழாவது கார் என்னுடையது.
செம்மஞ்சள் மேலங்கிக்காரர்
போத்தலை இரண்டு கையாலும் வாங்கினார்,
பிள்ளையை வாங்குகிறமாதிரி.
"எவ்வளவு மிச்சம்?"
"திறக்கவேயில்லை."
நேசனிடம் இன்னும் சொல்லவில்லை. அவனும் தேடவில்லை.

பிறகு போய்ப் பார்த்தபோது
ஒவ்வொரு அரிசிக்கும் ஒரு மூடி திறந்திருந்தது.
புழு, கொடியில் மறந்துவிட்ட
ஒற்றைக் காலுறைபோலத் தொங்கியது.

தக்காளி அந்த வருசம் நாலு.
ஒன்றில் ஓட்டை.
ஓட்டையைச் சுற்றி வெட்டிவிட்டு
உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன்.