ட்ரிப் ஷீட்

பாஸ்போர்ட் கேட்டான் ரிசப்ஷன் பையன்.
அந்தம்மாவின் வலது கை
பையைத் தொடவில்லை, நெஞ்சுக்குப் போனது.
சட்டைக்குள் எதையோ தேடி
அங்கே ஒன்றும் இல்லாமல் முழித்து,
பிறகுதான் பைக்கு வந்தது.
பெட்டியோடு நின்று பார்த்தேன்.
கானாடுகாத்தான் பங்களாவில்
டிரைவருக்கு வாசல் வரைதான்.

என்னிடம் இருப்பது நாற்பது இங்கிலீஷ் வார்த்தை,
பாதி வண்டிக்கானவை.
மறுநாள் காரில் கேட்டேன்:
"நேற்று, மேடம், கை?"

ஜோகன்னஸ்பர்க்கில் நர்ஸாக இருந்தவர்.
பதினாறு வயதில் கொடுத்தார்களாம் அந்தப் புத்தகத்தை.
எந்த ஊரில் எத்தனை ராத்திரி கண்ணயரலாம்,
எந்த வெள்ளைக்காரரிடம் வேலை,
எல்லாம் அதில் முத்திரையாக.
அதற்கும் முன்னால், ஒரு காலையில்
அவர் அம்மா ரொட்டி வாங்கப் போயிருக்கிறார்.
புத்தகம் அடுப்படி மேசையில்.
கடை எண்பது தப்படி.
திரும்பி வரப் பதினோரு நாள் ஆனது.
அந்த ரொட்டி என்ன ஆனதென்று
அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் தெருவே கூடி
தகர டிரம்மில் போட்டுக் கொளுத்தினார்களாம்.
அட்டை எரிந்தது, முத்திரைகள் எரிந்தன,
போட்டோ மட்டும் சுருண்டு சுருண்டு
தன்னையே பார்த்தது என்றார்.
அந்தப் புகையைப் பார்த்து வந்த வண்டியில்தான்
தம்பி போனான்.
அவ்வளவுதான் சொன்னார். நான் கியர் மாற்றினேன்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டு எதிரே
சிவப்பழகு க்ரீம் விளம்பரம், ஐந்து மாடி உயரத்துக்கு.
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.
விலை, என்றேன்.

"உன் பெயர்?"
வெள்ளைச்சாமி.
அர்த்தம் கேட்டார். வேறு வழியில்லை.
ஒயிட், என்றேன். அப்புறம், காட்.
என் புறங்கையைப் பார்த்தார்,
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்,
சிரித்தார் பாருங்கள்,
செக்காலை ரோடு முடியும்வரை சிரித்தார்.
என் பெயர் டிகெலெடி, என்றார்
கண்ணைத் துடைத்துக்கொண்டே.
அர்த்தம், கண்ணீர்.

இங்கே ஒரு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு,
பின்வாசல் அடுத்த தெரு.
பர்மாத் தேக்கைப் பற்றிக் கைடு நிறையப் பேசினார்.
தூக்கி நிறுத்திய தோளைப் பற்றிப் பேச்சில்லை.
விறகு இறக்கப் போன எங்கள் ஆட்களுக்குத்
தெரிந்தது பின்தெரு மட்டும்.

உச்சி வெயில்.
பங்களாக் குடையை நீட்டி
அவர் தலைக்குப் பிடித்தேன்.
என் முழங்கையைப் பற்றி உள்ளே இழுத்தார்.
அந்த முன்தெருவில், ஒரே குடைக்குள், இரண்டு பேர்.
ஒரு ஜன்னல் திறந்தது, மூடியது.

எங்களுக்கும் சட்டம் இருந்தது மேடம், என்றேன்.
எட்டு. அரசாங்கம் போட்டதில்லை,
ஊர் போட்டது. தேவகோட்டைப் பக்கம், தாத்தா காலம்.
குடை கூடாது. செருப்பு கூடாது.
வேட்டி முழங்காலைத் தாண்டக் கூடாது.
பெண்களுக்குச் சொன்னதைச் சொல்ல
என் நாற்பதில் வார்த்தை இல்லை, இருந்தாலும் சொல்லேன்.
உடுத்தினார்கள். குடிசை எரிந்தது.
மறுபடியும் உடுத்தினார்கள்.

"உங்களுக்கும் புத்தகம் உண்டா?"
புத்தகம் எதற்கு?
எந்த ஊர் என்பார்கள். அப்புறம், ஊரில் எந்தத் தெரு?
அது போதும்.

டீக்கடையில் இரண்டு டீ.
முன்பு எங்களுக்குச் சிரட்டை, பிறகு தனி கிளாஸ்.
இப்போது யார் வந்தாலும் பேப்பர் கப்.
சமத்துவமா, கழுவ ஆள் கிடைக்காததா,
கடைக்காரரிடம் நான் கேட்டதில்லை.
அவர் குடித்து முடித்து
கப்பைக் கசக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

சாயங்காலம் ட்ரிப் ஷீட்டில் கையெழுத்து.
ஓடிய தூரம் நூற்றுப் பன்னிரண்டு.
வெயிட்டிங் என்று ஒரு கட்டம்.
எவ்வளவு போட, என்று கேட்டார்.
மூணு மணி நேரம் மேடம், என்றேன்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
எழுதாமலே இருந்தார்.
பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.