வாடகைக் கணக்கு

எந்த மாதம் வேண்டும் உங்களுக்கு?
ஆண்டைச் சொன்னால் எனக்குப் பிடிபடாது.
இந்தச் சுவரில் இருப்பதெல்லாம் வாடகை.
மூன்றாம் மாடி, கடலைப் பார்க்காத அறை,
துல்லியோ கெர்பாஸ்,
முப்பது வருடக் குடித்தனம்.

இது முதல் பிப்ரவரி.
மேசை நாலா பக்கமும் உடைந்து பறக்கிறது,
கூஜாவுக்கு மூன்று மூக்கு.
"வேகம்" என்றார்.
மலையிலிருந்து இறங்கிய போரா காற்று
திரியெஸ்தே முழுக்க ஜன்னல்களை அறைந்த வாரம் அது.
கதவுக்கு ஆணி அடிக்கச் சொல்லியிருந்தேன்,
அடிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்புறம் ரோமுக்குப் போய் வந்தார்.
எல்லாம் நேராகிவிட்டது, இஸ்திரி போட்ட மாதிரி.
எலுமிச்சையைத் தராசில் நிறுத்தே வைத்திருப்பார்.
குனிந்து பாருங்கள்,
மீனின் கண்ணில் என் சமையலறை தெரியும்.
நான் கொடுத்த மீன்.
நான்கு நாள் வைத்து வரைந்தார்,
படிக்கட்டெல்லாம் நாற்றம்,
ஐந்தாம் நாள் பூனையும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
"இனி அழுகாததை வரையும்" என்றேன்.
அந்தத் திருப்பத்துக்கு விமர்சகர்கள்
ஏதோ பெரிய காரணம் எழுதியிருக்கிறார்களாம்.

அன்றிலிருந்து புட்டி, புனல், என் எண்ணெய்த் தகரம்.

ஊரில் கொடி மாறி மாறிப் பறந்த வருடங்களில்
பச்சை கிடைக்கவில்லை, நீலமும் தீர்ந்தது.
சுவருக்கு வைத்திருந்த சுண்ணாம்பில் கொஞ்சம் கேட்டார்.
அடுப்புக்கரியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.
இதோ அந்த நவம்பர், சாம்பல்மேல் சாம்பல்.
என் எத்தோரே திரும்பி வராத நவம்பர்.
புனலைப் படுக்க வைத்திருக்கிறார்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

பிறகு குறைந்துகொண்டே வந்தது.
புட்டியின் நிழல் போயிற்று,
மேசையின் விளிம்பு போயிற்று.
வாடகை அதே, வண்ணம் பாதி. விடுவேனா?
"இதில் பொருள் எங்கே ஐயா?"
தூரிகையைத் துடைத்தபடி
"அதைத்தான் நானும் தேடுகிறேன், சினியோரா."

அசையாப் பொருள் ஓவியம் என்கிறீர்கள்.
இந்த வீட்டையும் அசையாச் சொத்து என்றுதான்
பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள்.
போராவில் இரண்டும் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி மாதம் பதினொரு நாள்தான் இருந்தார்.
அதற்கும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்:
தகரம் இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம்.
தகரம் இல்லை.
அதை முந்தின நாளே கழுவி
என் வாசலில் வைத்திருந்தார்.

இது விலைக்கு இல்லை.
பிப்ரவரியை எடுத்துக்கொள்ளுங்கள்,
போகும்போது கதவை இழுத்துச் சாத்துங்கள்.
இன்னும் ஆணி அடிக்கவில்லை.