மட்டிச் சதை, துணிக்கிளிப்

ஞாயிற்றுக்கிழமைக்கென்று நான்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய பட்டியலில்
அருங்காட்சியகம் இருந்தது,
களிமண் இருந்தது,
மழை வந்தால் அட்டைக் கோட்டை என்று
அடைப்புக்குறிக்குள் ஒரு முன்னேற்பாடும்.
சொல்வை இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறாள்.
கடைசி வரி வரை விரல் வைத்து வாசித்துவிட்டு
"இதில் நண்டு எங்கே?" என்றாள்.

எபெல்டொஃப்ட் துறைமுகத்தில்
பாய்மரக் கம்பிகள் கம்பத்தில் மோதி மோதி
எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.
ஒரு நூல்.
நூல் நுனியில் துணிக்கிளிப்.
கிளிப்பின் வாயில், கல்லால் உடைத்தெடுத்த மட்டிச் சதை.
இவ்வளவுதான் சாமான்.
பதினோரு வருடம் வரிக்கணக்குப் பார்த்தவளுக்கு
இத்தனை குறைந்த செலவில் நம்பிக்கை வரவில்லை.

பச்சைத் தண்ணீர்.
அதில் எங்கள் மூன்று தலைகள், நெளிந்து நெளிந்து.
பெர்ட்டில் ஒவ்வொரு மூச்சுக்கும்
"வந்திருச்சா?" என்றான்.
மூன்று வயது.
வராததையும் மேலே இழுத்துப் பார்த்தாக வேண்டும் அவனுக்கு.

பிறகு நூல் கனத்தது.
கனத்தது என்றால்
ஒரு கடிதம் அளவு.
"மெல்ல, அம்மா, மெல்ல,
அதுக்குத் தெரியக் கூடாது"
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் சொல்வை.
வந்தது,
ஐந்து குரோனர் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக,
விடவே மாட்டேனென்று
கிளிப்பைக் கட்டிக்கொண்டு.

கோர்ம் வாளியை நீட்டினான்,
கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரத்துக்கு.
கப்பல் இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிறவன்
நண்டென்றால் ஓரடி தள்ளித்தான் நிற்பான்.
பிள்ளைகளுக்கு அது தெரியும்.
தெரிந்துதான் வாளியை அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

மொத்தம் பதினேழு.
எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டுமாம்.
பல் டாக்டர், பெரியம்மா, உருளைக்கிழங்கு,
இன்னொரு உருளைக்கிழங்கு.
ஒரு கொடுக்கு இல்லாததற்கு
அப்பா.

படகு இறக்கும் சரிவில் சாக்கட்டியால் கோடு போட்டு
வாளியைக் கவிழ்த்தோம்.
பெரியம்மா யாரையும் பார்க்காமல் தண்ணீருக்குப் போனாள்.
பல் டாக்டர் யாருடையதோ
சைக்கிள் நிழலில் ஒதுங்கிக்கொண்டார்.
ஒற்றைக் கொடுக்கு மட்டும் கோட்டிலேயே நின்றது.
"ஓடு, அப்பா, ஓடு!" என்று
பெர்ட்டில் கத்திய கத்தலில்,
யாரைச் சொன்னான் என்று தெரியாமல்
இரண்டு அப்பாவும் ஓடினார்கள்,
பக்கவாட்டில்.

ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.
கடலுக்குள் போனது எது, கரையில் மூச்சிரைத்தது எது என்பதில்
யாருக்கும் குழப்பமில்லை.

மட்டி இன்னும் மிச்சமிருந்தது.
"இனி அம்மா" என்றாள் சொல்வை.
வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன் என்று சொன்னேன்.
தலையாட்டிக் கேட்டுக்கொண்டே
கிளிப்பில் சதையை மாட்டினாள்.

பலகையில் படுத்தேன்.
வெயிலில் இளகிய தார் வாசனை.
கிளிப் ஆடி ஆடி இறங்கியது,
மூக்கைத் தாண்டி,
கன்னத்தில் ஜில்லென்று ஒருமுறை தொட்டு,
காலரைக் கவ்வியது.
"மெல்ல, மெல்ல" என்றது மேலே ஒரு குரல்,
"அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

நூல் பாவம், கடித எடைக்குப் பழகிய நூல்.
அது அறுந்துவிடாதபடி
முழங்கையை ஊன்றி ஊன்றி
நானே நகர்ந்து கொடுத்தேன்.

வாளி சிறியது.
தலை மட்டும் போதும் என்று முடிவானது.
உள்ளே உப்பு, இருட்டு,
கழுத்தில் சொட்டும் பழைய கடல்.
வெளியே
எனக்கு என்ன பெயர் வைப்பதென்று
இன்னும் தகராறு தீரவில்லை.